லிட்டருக்கு அறுபது

மார்ச் 3, திங்கள்

வேலையில் சேர்ந்து இன்றோடு ஒரு மாதம். நிறுவனத்தின் பெயர் விசை. சிங்காநல்லூரில் மூடிக்கிடந்த நூற்பாலை ஒன்றின் கிடங்கை வாடகைக்கு எடுத்து, பதினொரு பேர் சேர்ந்து உலகத்தை மாற்றிக்கொண்டிருக்கிறோம். மாற்றப்போகும் வண்டியின் பெயர் தும்பி. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. மேலே கூரை, பக்கத்தில் கதவு. ஓட்டுபவர் முன்னால், இன்னொருவர் அவருக்கு நேர் பின்னால். விலை பைக்கைவிடக் கொஞ்சம் அதிகம், காரில் பாதிகூட இல்லை. நனையாது, சறுக்கி விழாது, பெட்ரோலைக் குடிக்காது. பார்ப்பதற்கு ஹெல்மெட்டுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கிறது.

என் வேலை எழுதுவது. கையேடு, இணையதளம், விளம்பரத் துண்டு. நிறுவனர் நவநீதனுக்கு முப்பத்து மூன்று வயது, நான்கு வருடம் ஜெர்மனியில் இருந்தவர். அவரை 'சார்' என்று கூப்பிடக் கூடாதாம். 'நவி' என்று கூப்பிட வேண்டுமாம். ஒரு மாதமாக அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்துவருகிறேன்.

அம்மாவுக்கு மூட்டுப் பயிற்சி இரண்டு வேளை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்று.

மார்ச் 7, வெள்ளி

மாதிரி வண்டியை ஞானவேல் அண்ணன் டீக்கடைவரை ஓட்டிப்போனார். வண்டியின் இரும்புச் சட்டத்தை வெட்டுவது, பற்றவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பின்சீட்டில் நான். டீக்கடையில் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். பத்துப் பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எவ்வளவு குடுக்குமுங்க?"

பிரேக் பிடிக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று சக்கரம் வளைவில் நிற்குமா என்று கேட்கவில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே இந்த ஊரில் ஒரு வண்டியின் குலம், கோத்திரம், ஜாதகம் எல்லாம்.

"அம்பது குடுக்கும்" என்றார் அண்ணன்.

"அம்பதுதானா? என்னோட பழைய டூவீலரே அம்பத்தஞ்சு குடுக்குதுங்" என்றார் ஒருவர், டீயை உறிஞ்சியபடி. அதோடு கூட்டம் கலைந்தது.

மார்ச் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். அம்மாவின் புடவைகள் ஆறு.

பிற்பாடு மறந்துபோகாமல் இருக்க இதை எழுதிவைக்கிறேன். அம்மாவின் மருத்துவ விடுப்பு கோடை விடுமுறையோடு முடிகிறது. ஜூன் 2 பள்ளி திறக்கும். அன்று போய்ச் சேர முடியாவிட்டால் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது அவளுக்கு. ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுப்பதைத் தவிர அவளுக்குப் பிடித்த வேறு எதையும் நான் பார்த்ததில்லை. பள்ளி சூலூர் தாண்டி, பன்னிரண்டு கிலோமீட்டர்.

நவம்பரில் ஸ்கூட்டர் சறுக்கியது. அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். இடது முழங்காலில் தகடு வைத்தார்கள். அது பாதிகூட மடங்குவதில்லை. ஓட்டியது யார் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை.

எங்கள் சந்துக்குள் கார் வராது, ஆட்டோவும் வராது. குறுகலான இடத்தில் நூற்று இருபத்தைந்து சென்டிமீட்டர். தும்பியின் அகலம் நூற்றுப் பத்து. சும்மாதான் அளந்தேன்.

மார்ச் 12, புதன்

ஞாயிற்றுக்கிழமை வாகனக் கண்காட்சிக்கு விளம்பரத் துண்டு தயாராக வேண்டும். நவநீதன் எழுதித் தந்த வரி: 'சாதாரணச் சாலைச் சூழலில் லிட்டருக்கு 48 முதல் 52 கி.மீ. வரை எதிர்பார்க்கலாம்.' மருந்துச்சீட்டில் பக்கவிளைவு போடுவார்களே, அந்த மாதிரி.

இப்படி எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்டேன். "அப்ப நீங்களே எழுதுங்க" என்றார். கேலிக்காக எழுதினேன். டீக்கடை ஆட்களை நினைத்து, கொட்டை எழுத்தில்: 'அறுபது கொடுக்கும். வேறென்ன கேட்க வேண்டும்?'

அவர் சிரிக்கவில்லை. இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாரணி, இது பிரமாதம்" என்றார்.

கேலி புரியாத ஆட்களிடம் கேலி செய்யக் கூடாது.

மார்ச் 16, ஞாயிறு

கண்காட்சி மேடையில் நவநீதன் ஒலிபெருக்கியில் சொன்னார்: "அறுபது கொடுக்கும். வேறென்ன கேட்க வேண்டும்?" கைதட்டல். மாலைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு முன்பதிவு. பதிவு செய்தவர்களில் பாதிப்பேர் வண்டிக்குள் உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது ஞானவேல் அண்ணன் நவநீதனிடம் கேட்டார்: "ஏனுங் சார், அம்பதுன்னுதான நாம பேசிட்டிருந்தோம்? அறுபது எங்கிருந்து வந்துது?"

"கொண்டு வந்துடலாம் அண்ணா. எடையைக் குறைப்போம்."

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பார்க்க ஒன்றுமில்லை.

மார்ச் 24, திங்கள்

எடைக் குறைப்பு. ஸ்டெப்னி போயிற்று. பின்சீட்டுக் கைப்பிடி போயிற்று. உள்ளே இருந்த சின்ன விளக்கு போயிற்று. நவநீதனே ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். சோதனை ஓட்டத்தில் அவர்தான் ஓட்டுவார். ஐம்பத்து நான்கு கிலோ. இன்னும் இரண்டு குறைப்பாராம்.

தேவையின் பொருளாதாரம் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று படித்துக்கொண்டிருக்கிறேன். 'தேவை' என்ற சொல் பக்கத்துக்கு நாலு தடவை வருகிறது. மனிதர் ஒருவரும் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

கதவைச் சிறிதாக்கப்போகிறார்கள். ஞானவேல் அண்ணன் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினார். கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பை உயர்த்தினால் சட்டம் தானாக உறுதியாகிவிடும். அப்புறம் மெல்லிய குழாய் போதும், கதவும் பாதிதான். இருபத்தெட்டு கிலோ மிச்சம்.

"விளிம்பு இப்ப எவ்வளவு?" என்றேன்.

"முப்பது சென்டிமீட்டருங். முப்பத்தெட்டாக்கப் போறோம். அதுக்கு மேல போனா ஏறுறவன் தாண்டிக் குதிக்கோணும்."

"தாண்ட முடியாதவங்க?"

"அதை அவருகிட்டக் கேளுங்க அம்மிணி. நான் வெட்டறவன்."

கேட்கவில்லை. கையேட்டில் 'ஏறி இறங்கும் முறை' என்ற பகுதியைத் திருத்தினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அலமாரியைத் தூசி தட்டினேன். எடுத்த புத்தகங்களைப் படுக்கையறை வாசலில் அடுக்கிவைத்தேன். அடுக்கு முப்பது சென்டிமீட்டர் உயரம் வந்தது, தற்செயலாக. அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் போட்டு, இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு தாண்டினாள்.

"வழியிலயா அடுக்குவ?" என்றாள்.

"தூசி தட்டறேன்மா."

பிற்பகல் மேலும் நான்கு புத்தகம் வைத்தேன். முப்பத்தெட்டு. தாண்டிவிட்டாள். ஆனால் நெற்றி வியர்த்துவிட்டது.

ஏப்ரல் 17, வியாழன்

சோதனையில் லிட்டருக்கு ஐம்பத்தைந்துதான் வந்ததாம். விளிம்பு நாற்பத்தாறு ஆகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

பாட்டில் சோதனை. பெட்ரோல் டாங்கியைக் கழற்றிவிட்டு, ஒரு லிட்டர் பாட்டிலைத் தொங்கவிட்டு, வண்டி நிற்கும்வரை ஓட்டுவது. ஊரில் எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். ஆனால் நாங்கள் செய்தது இப்படி: விடியற்காலை, புறவழிச்சாலை, சிக்னல் கிடையாது. டயரில் வழக்கத்தைவிடக் காற்று அதிகம். பக்கக் கண்ணாடிகள் கழற்றப்பட்டன. பின்சீட்டில் ஆள் இல்லை, பின்சீட்டே இல்லை. நவநீதன் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். மணிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில், மூச்சுவிடக்கூட யோசிக்கிறவர் மாதிரி ஓட்டினார். மொபெட்டில் பால் கொண்டுபோனவர் கொஞ்ச தூரம் கூடவே வந்து, சலித்துப்போய் முந்திக்கொண்டு போனார்.

அறுபது புள்ளி இரண்டு.

எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கையில் ஒரு ஜோடி செருப்போடு நானும் நின்றேன்.

வீட்டில் அடுக்கு நாற்பத்தாறு. அம்மா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எனக்கு அந்த ரூம்ல ஒரு வேலையும் இல்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு ஹாலிலேயே படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

அம்மாவின் முகம் வெயிலில் கறுத்திருக்கிறது. கேட்டதற்கு மாடியில் வடகம் காயவைத்ததாகச் சொன்னாள். மாடிக்கு இருபது படி. எப்படி ஏறினாய் என்றேன். "உக்காந்து உக்காந்து" என்றாள். வடகத்தைக் காணோம். காக்கை தின்றுவிட்டதாம், மொத்தத்தையும்.

மே 8, வியாழன்

வண்டியை வீட்டாருக்குக் காட்டும் நாள். நவநீதனின் யோசனை. அம்மா வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். வந்தாள்.

வெள்ளைச் சாயம் பூசிய புது வண்டி. நாற்பத்தாறு சென்டிமீட்டர் விளிம்பு, அதற்கு மேலே தபால்பெட்டி வாய் மாதிரி ஒரு கதவு. அம்மா கூரையைப் பிடித்துக்கொண்டு வலது காலை உள்ளே போட்டாள். இடது கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மடக்கவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. புடவை விளிம்பில் மாட்டிக்கொண்டது. பதினொரு பேர் குடும்பங்களும் கையில் மைசூர்பாக்கோடு பார்த்துக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் சைடா திரும்பி, அப்படியே காலைத் தூக்கி உள்ள கொண்டு வாங்க டீச்சர்" என்றார் நவநீதன்.

"அது என் பேச்சைக் கேக்கறதில்ல தம்பி. உங்க பேச்சையாவது கேக்குமான்னு சொல்லிப் பாருங்க."

சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஞானவேல் அண்ணனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளை வெளியே எடுத்தோம்.

நவநீதன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்க வாடிக்கையாளர் இருபத்திரண்டுலேர்ந்து முப்பத்தஞ்சு வயசு, டீச்சர். அவங்களை மனசுல வெச்சுத்தான் டிசைன் பண்ணிருக்கோம்."

"அவங்களுக்கெல்லாம் அம்மா இல்லீங்களா?" என்றாள் அம்மா. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள்.

அப்புறம் ஞானவேல் அண்ணன் என்னிடம் வந்து முனகினார்: "எல்லாம் அந்த அறுபதுனால வந்த வினைங்க அம்மிணி. எந்தப் புண்ணியவான் எழுதிக் குடுத்தானோ."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

மே 9, வெள்ளி

நவநீதனிடம் விளிம்பைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். முதன்முறையாக 'நவி' என்று கூப்பிட்டுக் கேட்டேன். தரவு இல்லை என்றார். ஒருவரை வைத்து முடிவெடுக்க முடியாதாம்.

மே 14, புதன்

சென்னையிலிருந்து முதலீட்டாளர் ரகோத்தமன் வந்தார். பெரிய மனிதர், எல்லாத் திசையிலும். நவநீதன் அறுபதைப் பற்றி அரைமணி நேரம் படம் போட்டுக் காட்டினார். அவர் எழுந்தார். "நம்பர் எல்லாம் இருக்கட்டும். உக்காந்து பார்த்துடறேனே."

கால் போயிற்று. இடுப்பு பாதி போயிற்று. அதற்கு மேல் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. விளிம்பின் மேல் அவருடைய வயிறு, பரணில் வைத்த மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் நவநீதன்.

"என்ன சார் ஒரு நிமிஷம்? என்னை வெளிய எடுங்க!"

எடுக்க எட்டு நிமிடம் ஆயிற்று. கடைசியில் ஞானவேல் அண்ணன் கதவையே கழற்றினார். ரகோத்தமன் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு இது வண்டி இல்லை. எலிப்பொறி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப்போனார். அவர் காருக்கு விளிம்பு இருந்த மாதிரியே தெரியவில்லை.

மே 15, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு நவநீதனிடமிருந்து ஆணை வந்துவிட்டது. விளிம்பு இருபத்தெட்டு சென்டிமீட்டர். கதவு பழைய அகலம். பின்சீட்டுக் கைப்பிடி திரும்பி வருகிறது.

ஆக, ஒருவரை வைத்து முடிவெடுக்கலாம். எந்த ஒருவர் என்பதுதான் விஷயம். என் அம்மாவின் காலுக்குத் தரவு போதவில்லை. சென்னை வயிறு ஒன்று தனியாகவே தரவாக இருந்துவிட்டது.

ஞானவேல் அண்ணன் விளிம்பை அறுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். தீப்பொறி பறந்தது. அவர் இயந்திரத்தை நிறுத்தியதும், "அந்த அறுபது நான் எழுதினது அண்ணா" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார். "அதான் உங்க காதுபடத் திட்டுனேன்."

மே 22, வியாழன்

பாட்டில் சோதனை. இரண்டு பேர், கண்ணாடிகளோடு, சரியான காற்றோடு. நாற்பத்தெட்டு. மார்ச் மாதம் நவநீதன் முதலில் எழுதிய மருந்துச்சீட்டு வரி அப்படியே சரி.

மே 25, ஞாயிறு

இன்று அம்மாவிடம் சொன்னேன். விளிம்பு குறைந்துவிட்டது. முதல் வண்டியைச் சோதனை எண் பலகையோடு சாலையில் ஓட்ட அனுமதி இருக்கிறது. ஜூன் 2 காலையில் சந்துக்குள்ளேயே வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போக முடியும். கைப்பிடிகூட இருக்கிறது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நான் பஸ்ல போயிக்கறேன்" என்றாள்.

பேருந்துப் படி உயரம் தெரியுமா என்றேன்.

"தெரியும். ஏப்ரல்லேர்ந்து போயிட்டிருக்கேன். மொதல்ல தெருமுனை வரைக்கும் நடந்தேன். அப்புறம் ஒரு ஸ்டாப். போன வாரம் ஸ்கூல் கேட்டு வரைக்கும் போயிட்டு வந்தேன். முன்படி ஓரத்துச் சீட்டுல காலை நீட்டிக்கலாம். பதினொன்னரை மணி பஸ்ல கண்டக்டர் நல்ல பையன், நான் உக்கார்ற வரைக்கும் விசில் அடிக்க மாட்டான்."

வடகம், வெயில். நான் எவ்வளவு பெரிய முட்டாள்.

"ஏம்மா சொல்லல?"

"நீ புத்தகம் அடுக்கிட்டிருந்த. அதைக் கெடுப்பானேன்?" கீரைத் தண்டை ஒடித்தாள். "நீ அடுக்கறதுல புடிச்சுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. பஸ்ல கம்பி இருக்குது."

நானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு நீ ஓட்டுன, நான் விழுந்தேன். மழை பேஞ்சு மண்ணு கெடந்துது. அவ்வளவுதான் நடந்தது. அதுக்காக எனக்கு ஒரு வண்டியே செய்யோணும்னு யாரு கேட்டா?"

"நான் செய்யல. நான் எழுதறவ."

"ம்" என்றாள். அவள் வகுப்பில் தவறான விடைக்கு அந்த 'ம்'தான் வரும் என்று அவளிடம் படித்தவர்கள் சொல்வார்கள்.

மே 30, வெள்ளி

'அறுபது வரை' என்று போடலாமா என்று கேட்டார் நவநீதன். 'வரை' என்று சேர்த்துவிட்டால் பொய் இல்லையாம்.

"நாற்பத்தெட்டு கொடுக்கும்னு போடுவோம்" என்றேன். "அறுபதுன்னு எழுதினது நான். அழிக்கறதும் நானே செய்யறேன்."

"ஒருத்தரும் வாங்க மாட்டாங்க, தாரணி."

"அறுபதுன்னு சொல்லி வித்தா முதல் பத்துப் பேர் வாங்குவாங்க. ஆளுக்கொரு பாட்டிலோட திரும்பி வருவாங்க."

கண்ணாடியைக் கழற்றினார். இரண்டரை மாதமாக ராத்திரி சாப்பிடாததில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முதல்முறையாக அந்த மனிதர்மேல் எனக்கு ஏளனம் வரவில்லை. அதனால் கொஞ்சம் எரிச்சல் வந்தது. "பதிவு பண்ணினவங்களுக்கு அப்படியே எழுதி அனுப்புங்க" என்றார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மின்னஞ்சலில் கடிதம் அனுப்பினேன். மன்னிப்பு ஒரு வரி, உண்மை ஒரு வரி, முன்பதிவை ரத்துசெய்ய ஒரு பொத்தான்.

மே 31, சனி

மாலை நிலவரப்படி நூற்றைம்பத்திரண்டு பேர் பொத்தானை அழுத்திவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் சரியாக அறுபது. சொன்ன எண்ணை விசை நிறுவனம் ஒருவழியாக எட்டிவிட்டது.

இந்த வண்டி பிழைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அறுபது பேரை நம்பித் தொழிற்சாலை நடத்த முடியாது. ஆனால் இவர்களுக்கு எண் தெரியும், தெரிந்தும் இருக்கிறார்கள். டீக்கடைக்கு இது ஒரு ஆச்சரியம்தான்.

ஜூன் 1, ஞாயிறு

அம்மாவின் புடவைக்குக் கஞ்சி போட்டேன். நாளைக்கு நானும் பேருந்தில் வருகிறேன் என்றேன்.

"நீ வந்தா நான் சீக்காளி. தனியாப் போனாத்தான் டீச்சர்."

ஞானவேல் அண்ணனுக்கு நகர நெரிசலில் ஒரு பாட்டில் சோதனை வேண்டுமாம். வண்டியை நான் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். சாவியைக் கொடுத்தார். "கிளட்ச்சு கொஞ்சம் டைட்டுங்க. பாத்து" என்றார். எத்தனை நாளாக ஓட்டவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஏழு மாதம். தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 2, திங்கள்

அம்மா ஏழு இருபது பேருந்தில் ஏறினாள். எழுபது மீட்டர் பின்னால், ஒரு மருந்துக்கடை ஓரமாக, ஹெல்மெட்டுக்குச் சக்கரம் வைத்த வண்டியில் நான். ஒளிந்துகொள்வதற்கு இதைவிட மோசமான வண்டி உலகத்தில் கிடையாது. மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டு வேலையை விட்டு என்னையே பார்த்தார்.

நான்கு தடவை வண்டி அணைந்துபோயிற்று. கிளட்ச் கடினம் என்று ஞானவேல் அண்ணன் சொல்லியிருந்தாரே. பேருந்து நிற்கும்போதெல்லாம் நானும் நின்றேன். இருபத்தொரு நிறுத்தம். பின்னால் வந்தவர்கள் அடித்த ஹாரனும் சொன்ன வார்த்தைகளும் இங்கே எழுதத் தக்கவை அல்ல. பேருந்தின் புகை முழுவதும் என்னுடையதாக இருந்தது. முன்படி ஓரத்துச் சீட்டில் சாம்பல் நிறப் புடவைத் தோள் ஒன்று தெரிந்துகொண்டே இருந்தது.

பள்ளி நிறுத்தத்தில் பாட்டிலின் கோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். நாற்பத்தொன்று.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலை முதலில் இறக்கினாள். பிறகு வலது. பேருந்து அவள் நிமிரும்வரை காத்திருந்துவிட்டுப் போயிற்று. கொசுவத்தைத் தட்டிச் சரிசெய்துகொண்டு திரும்பியவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

அதற்குள் பிள்ளைகள் வண்டியைச் சுற்றிவிட்டார்கள். சீருடை இன்னும் மடிப்புக் கலையாத பெண் ஒருத்தி அவளிடம் ஓடினாள். "டீச்சர், டீச்சர்! இது காருங்களா, ஆட்டோவுங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? ஓட்டறவங்களையே கேளு" என்றாள் அம்மா. காலை இழுத்து இழுத்து, அவசரப்படாமல், கையெழுத்துப் போட உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் ஜன்னலில் முகத்தை வைத்தாள். "அக்கா, நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஆமா" என்றேன். "நான்தான் ஓட்டினேன்."

"பயமா இல்லீங்களா?"

"இருந்துச்சு."

மணி அடித்தது. ஓடிவிட்டாள்.